7.5% ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். கிடைத்திருக்கிறது, தமிழ்வழியில் படித்த என் மகள் தாக்குப்பிடிப்பாளா?

தாக்குப்பிடிப்பாள். முதல் ஆறு மாதம் சிரமப்படுவாள், ராத்திரி போன் போட்டு அழுவாள், முதல் இன்டர்னலில் (கல்லூரிக்குள் வைக்கும் தேர்வில்) பெயில் ஆனாலும் ஆவாள். அப்புறம் நிமிர்ந்துவிடுவாள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் பிசியாலஜி (உடலியங்கியல்) பாடம் எடுத்தே என் சர்வீஸின் பெரும்பகுதி போயிருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான இந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டின் முதல் பேட்ச் உள்ளே வந்தபோது அவர்களுக்கு முதலாண்டு வகுப்பு எடுத்தவர்களில் நானும் ஒருத்தி, அந்த உரிமையில் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறும் முதல் ஆள் இவள்தான் என்று தோன்றுகிறது. சீட் கிடைத்த அன்று ஊரே வந்து சால்வை போட்டிருக்கும். மறுநாளே யாராவது ஒரு சொந்தக்காரர் "சீட்டு சரி, இங்கிலீஷ்ல படிச்சுப் பாஸ் பண்ணிடுமா?" என்று கேட்டுவிட்டுப் போயிருப்பார். அந்தக் கேள்விதான் உங்களை இங்கே கொண்டுவந்திருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். இந்தச் சீட்டை யாரும் உங்களுக்குத் தானமாகத் தரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களில் சுமார் 41 விழுக்காட்டினர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் என்று அரசே கணக்குச் சொன்னது. அவ்வளவு பேரிலிருந்து 2019-இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் 6 பேர். நீதிபதி கலையரசன் ஆணையம் 10 விழுக்காடு கொடுக்கச் சொன்னது, அரசு அதை 7.5 ஆக்கிச் சட்டம் போட்டது, ஆளுநர் கையெழுத்துக்குக் காத்திருந்து கடைசியில் 2020 அக்டோபர் முடிவில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த ஒரே வருடத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். உயர் நீதிமன்றமும் 2022-இல் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஒரு வருடத்தில் பிள்ளைகளின் மூளை மாறிவிடாது, மாறியது கதவு மட்டும்தான். (நீட் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையைத் தயவுசெய்து இந்தப் பதிலுக்குக் கீழே ஆரம்பிக்காதீர்கள். இந்த ஒதுக்கீட்டில் வருபவர்களும் நீட்டில் தகுதி பெற்றுத்தான் வருகிறார்கள்.)

அந்த முதல் பேட்சில் விருத்தாசலம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அப்பா செங்கல் சூளை வேலை. வகுப்பில் கடைசி பெஞ்ச், கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், வாய் திறக்கமாட்டாள். லேபில் ரத்தச் சிவப்பணு எண்ணும் பயிற்சி. விரலில் குத்தி, சிவப்பு மணி போட்ட பிப்பெட்டில் 0.5 கோடு வரை ரத்தம் உறிஞ்சி, 101 கோடு வரை ரத்தத்தை நீர்க்கவைக்கும் திரவம் இழுத்து, உருட்டிக் கலக்கி, முதல் சில சொட்டுகளைக் கீழே விட்டுவிட்டு, அப்புறம்தான் சேம்பரில் (அணுக்களை எண்ணும் கட்டம் போட்ட கண்ணாடியில்) ஏற்ற வேண்டும். அவள் கை அவ்வளவு சுத்தம், ஒரு காற்றுக்குமிழி கிடையாது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என் சக ஆசிரியர் "முதல் சொட்டுகளை ஏன் விட்டாய்" என்று ஆங்கிலத்தில் கேட்டார். மௌனம். திரும்பக் கேட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அடுத்த ஆளைக் கூப்பிடு" என்றுவிட்டார்.

நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "தமிழ்லயே சொல்லும்மா, ஏன் விட்ட?" என்றேன். "கீழ இருக்கிற சின்னக் குழாய்ல வெறும் திரவம்தான் மேடம் நிக்கும், அதுல ரத்தம் கலந்திருக்காது. அதை எண்ணினா கணக்கு குறைஞ்சிரும்" என்று ஒரே மூச்சில் சொன்னாள். இதைவிடச் சரியான பதிலைக் கான்வென்ட் பிள்ளைகளிடமும் நான் அதிகம் கேட்டதில்லை. பலர் "எர்ரர் வரும் மேடம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

நானும் அரசு மகளிர் பள்ளி, தமிழ்வழிதான். எனக்கு ஹாஸ்டலில் ஒரு சீனியர் அக்கா வாய்த்தார், அவர் இல்லையென்றால் முதலாண்டிலேயே ஊருக்கு பஸ் ஏறியிருப்பேன். அதனால் அன்றைக்கே முடிவு செய்தேன். சாயங்காலம் லேப் முடிந்ததும் தமிழ்வழிப் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். முதலில் தமிழில் சொல்லச் சொல்வேன், புரிந்துவிட்டது என்று தெரிந்ததும் அதையே ஆங்கிலத்தில் இரண்டு வரியாக எழுதவைப்பேன், கடைசியாக வாய்விட்டுச் சொல்லவைப்பேன். இதற்கு உத்தரவு எதுவும் கிடையாது, நிதியும் கிடையாது. "உங்களுக்கு எதுக்கு மேடம் வேண்டாத வேலை" என்று கேட்டவர்கள் உண்டு. 2019-லிருந்து பாடத்திட்டத்திலேயே பவுண்டேஷன் கோர்ஸ் இருக்கிறது, ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுக்க அதில் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் நான் வேலை பார்த்த இடத்தில் அந்த நாட்களை யார் யாரோ வந்து மைக்கில் பேசியே தீர்த்துவிட்டார்கள். சீட்டை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதைக் கண்டுகொள்ளாமல் விடுவது, பந்தியில் உட்காரவைத்துவிட்டு இலை போடாமல் போவது மாதிரி.

அந்தப் பெண் முதலாண்டை ஒரே முயற்சியில் பாஸ் செய்தாள். பிற்பாடு மெடிசின் வார்டு போஸ்டிங்கில் அவளைப் பார்த்த என் தோழி ஒருவர் சொன்னதை எழுதியே ஆக வேண்டும். ஒரு பாட்டி "காலு மதமதன்னு கெடக்கு" என்று சொல்லியிருக்கிறார். உடன் இருந்த பிள்ளைகள் வலியா வீக்கமா என்று குழம்பியிருக்கிறார்கள். இவள் குனிந்து, "நடக்கறப்ப செருப்பு கழண்டு போனா தெரியுதா பாட்டி?" என்று கேட்டிருக்கிறாள். பாட்டி இல்லை என்று தலையாட்டியிருக்கிறார். சர்க்கரையால் நரம்பு பாதித்துக் கால் மரத்துப்போனவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று அது. அரசு மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளின் வீடுகளிலிருந்தும் டாக்டர்கள் வர வேண்டும் என்று வருடக்கணக்காக மீட்டிங்குகளில் கத்திக்கொண்டிருந்தேனே, அது இதற்காகத்தான்.

"அப்படியானால் தகுதி?" என்று யாராவது வருவீர்கள், தெரியும். பல்கலைக்கழகத் தேர்வில் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே பாஸ் மார்க். விடைத்தாளில் ஒதுக்கீடு எழுதியிருக்காது. நீட்டில் தகுதி மதிப்பெண்ணை ஒட்டி வாங்கிவிட்டு, பல லட்சம் கட்டி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. 7.5-இல் வந்த எல்லோரும் முதல் தடவையே பாஸ் ஆனார்கள் என்று நான் சொல்லவில்லை, சிலர் அரியர் வைத்தார்கள். அதே பேட்சில் சிபிஎஸ்இ பிள்ளைகளும்தான் வைத்தார்கள். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரும், அதற்கு முன்பு புதுக்கோட்டையில் ஆண்கள் படித்த கல்லூரியில் சேர்ந்தபோது எதிர்ப்பைப் பார்த்தவர்தான். 1912-இல் டாக்டரானார், 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். கர்ப்பிணிகளுக்குப் பணமும் சத்துணவுப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்பில் உதவி தரும் திட்டத்துக்கு அவர் பெயர்தான். உங்கள் தெருவிலேயே அதை வாங்கியவர்கள் இருப்பார்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. இந்தச் சாயங்கால வகுப்பு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, வேறொரு கல்லூரியில் ஆய்வு வருகிறது, ஆசிரியர் தலை எண்ணிக்கை காட்ட வேண்டும் என்று எங்களில் சிலரை அங்கே தூக்கிப் போட்டார்கள். தற்காலிகம் என்றார்கள். குடும்பம் ஒரு ஊர், நான் ஒரு ஊர், ஒரு கல்வியாண்டே போய்விட்டது. ஆசிரியரைப் பொம்மை மாதிரி நகர்த்தினால் பாதியில் நிற்பது எங்கள் பிரமோஷன் மட்டுமல்ல, அந்தப் பிள்ளைகளின் படிப்பும்தான். இதைக் கேட்க ஆளில்லை.

சரி, உங்கள் மகள் விஷயம். கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2020 நவம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள், தனியார் கல்லூரியானாலும் அப்படித்தான். அப்படியும் ஒரு தனியார் கல்லூரியில் "இதர கட்டணம்" என்று கேட்டதாக ஒரு மாணவனின் அம்மா என்னிடம் அழுதிருக்கிறார். யாராவது கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள், ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள், மருத்துவக் கல்வித் தேர்வுக்குழுவுக்குப் புகார் எழுதுங்கள். எலும்பு செட், கோட், புத்தகம் எல்லாம் சீனியர்களிடம் பாதி விலைக்கே கிடைக்கும், கடன் வாங்கிப் புதிதாக வாங்க வேண்டாம். முதல் இன்டர்னலில் மார்க் குறைந்தால் வீட்டில் யாரும் திட்டக் கூடாது. முதலாண்டுத் தேர்வில் தவறினாலும் சப்ளிமெண்டரி உண்டு, மொத்தம் நான்கு வாய்ப்பு தருகிறார்கள். ஆங்கிலம் தெரியவில்லையே என்று வெட்கப்பட்டு ரூமுக்குள் முடங்குவதுதான் ஆபத்து. சேர்ந்த முதல் வாரமே, தமிழ்வழியில் படித்து வந்த ஒரு சீனியரைத் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள். எல்லாக் கல்லூரியிலும் இப்போது இருக்கிறார்கள்.

எந்தக் கல்லூரி என்று கமெண்டில் போடுங்கள். அங்கே எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் இருந்தால் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.