பேய் வரும் காதல் நாவலை ஆண்கள் படிப்பது கேவலமா?

பேய் வரும் காதல் நாவல் படிப்பதைப் பார்த்து ரூமில் கூட இருப்பவர்கள் கேலி செய்கிறார்கள், இது கேவலமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். கல்லூரி ஹாஸ்டலாகத்தான் இருக்கும். தம்பி, எனக்கு 46 வயது. கொடைக்கானல் நாயுடுபுரம் பக்கம் ஒரு காட்டேஜில் இரவு டியூட்டி. நானும் படித்தேன். மானம் ஒன்றும் போய்விடவில்லை.

போன நவம்பரில் ரூம் காலி செய்த ஒரு அம்மா விட்டுவிட்டுப் போன புத்தகம். நானாகத் தேடிப்போய் வாங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மழை, கரண்ட் இல்லை, கெஸ்ட்டும் இல்லை. எமர்ஜென்சி லைட்டில் பிரித்தேன்.

சென்னையில் ஐ.டி. வேலை பறிபோன பெண் இங்கே ஒரு பழைய பங்களாவுக்கு வருகிறாள். ஒருவனைப் பிடித்துப்போகிறது. அவனோ 2006இல் குறிஞ்சி பூத்தபோது செத்துப்போனவன். 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும்போது மட்டும்தான் வர முடியும். 2018இல் வருகிறான்.

முதல் ஐம்பது பக்கம் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். ராத்திரியில் கூரைமேல் யாரோ நடக்கிறார்களாம். பகல் வெயிலில் காய்ந்த தகரம் ராத்திரிக் குளிரில் சுருங்கினால் டொக்கு டொக்கென்றுதான் கேட்கும். கெஸ்ட்டுகளிடம் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. டிசம்பர் பனியில் மலை முழுக்கக் குறிஞ்சி என்று வேறு எழுதியிருந்தது. 2018இல் நான் பார்த்தது ஆகஸ்ட், செப்டம்பரில்.

அப்புறம்தான் மாட்டிக்கொண்டேன். அவனுக்கு 27 வயது. செத்தவனுக்கு வயது ஏறாது. அவளுக்கு 26. அடுத்த குறிஞ்சி 2030இல். அப்போது அவளுக்கு 38, அவனுக்கு அதே 27. 2042இல் அவளுக்கு 50. பில் புக்கின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். இந்தப் பெண்ணுக்கு இது உறைத்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் விடிய விடியப் படித்தேன். பேய்க் கதையில் என்ன லாஜிக் என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். பேயை நம்பிவிடுகிறேன் ஐயா, கூட்டல் கணக்கையுமா விட்டுவிட முடியும்?

    

இருபது பக்கம் மிச்சமிருக்கும்போது புத்தகத்தை விட்டுப்போன அந்த அம்மா போனில் கூப்பிட்டார். "தம்பி, புக்க மறந்துட்டேன், முடிவு இன்னும் படிக்கல, இன்னைக்கே கூரியர் பண்ணிடுங்க." ஓனரும் பக்கத்திலேயே நின்றார். கூரியர் கடை இருக்கும் மூஞ்சிக்கல் போகும்வரை நடந்துகொண்டே பத்துப் பக்கம், மிச்சத்தைக் கூரியர் கடை வரிசையில் படித்தேன். கடைசிக்கு முந்தைய பக்கத்தில் அவளும் காலண்டர் தாளைக் கிழித்து அதே கணக்கைப் போடுகிறாள். 38, 50, 62.

"கவர ஒட்டவாண்ணே?" என்றான் கடைப் பையன். ரெண்டு நிமிஷம் பொறுடா என்றேன்.