ஆலைக்காரன் மகன் பேசட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒன்பது வயது மகனுக்கு இரவில் உரக்கக் கதை வாசிப்பது எங்கள் வீட்டு வழக்கம். இப்போது இடைக்கால இங்கிலாந்தைப் பற்றிய சிறுவர் கதைகளில் வந்து நிற்கிறோம். லாரா ஏமி ஷ்லிட்ஸின் ‘குட் மாஸ்டர்ஸ்! ஸ்வீட் லேடீஸ்!’ நூலைப் பெரும்பாலும் முடித்துவிட்டோம். அவனைவிட நான்தான் அதிகம் கற்றுக்கொள்கிறேன். ஆனால் என் கணவர், “வரலாறு வேண்டுமென்றால் வரலாற்று நூலைப் படிக்க வேண்டியதுதானே? கதையில் பாதி கற்பனை” என்கிறார். இன்னொரு கேள்வி. அந்த நூலில் யூதச் சிறுவன் வரும் பகுதியை வாசிக்காமல் பக்கத்தைத் தள்ளிவிட்டேன். அது சரியா?

ர., கோயம்புத்தூர்

அன்புள்ள ர. அவர்களுக்கு,

உங்கள் கணவர் சொல்வதை ஒரேயடியாக மறுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் எடுத்திருக்கும் நூலை வைத்து அவர் அந்த வாதத்தைத் தொடங்கியிருக்கக் கூடாது. அமெரிக்காவின் பால்டிமோரில் பள்ளி நூலகராக இருந்த ஷ்லிட்ஸ், இடைக்காலத்தைப் பாடமாகப் படித்த மாணவர்கள் நடிப்பதற்காக எழுதியது அது. சின்ன வேடம் எந்தக் குழந்தைக்கும் பிடிக்காது என்பதால், 1255ஆம் ஆண்டின் ஓர் ஆங்கிலேயக் கிராமத்துச் சிறுவர் சிறுமியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பேச இடம் கொடுத்தார். 2007இல் வெளிவந்து மறு ஆண்டு, அமெரிக்கச் சிறுவர் நூல்களுக்கான நியூபெரி பதக்கம் பெற்றது. வாயால் சொல்வதற்கென்றே எழுதப்பட்டது. கண்ணால் ஓட்டுபவருக்கு அதில் கிடைப்பது குறைவு.

ஊராரின் தானியத்தை அரைத்துக் கொடுக்கும் ஆலைக்காரன் மகன் ஓத்தோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலைக்காரர்கள் தானியத்தில் கை வைப்பதாக மக்கள் கருதினர் என்று பாடநூல் ஒரு வரியில் முடித்துவிடும். உரக்க வாசிக்கும்போது நீங்கள் ‘நான்’ என்று சொல்லியாக வேண்டும். ஊரே வெறுக்கும் அப்பனின் தொழிலுக்குத்தான் தானும் போகப்போகிறோம் என்று அறிந்த பிள்ளை உங்கள் குரலில் பேசுகிறான். கேட்டுக்கொண்டிருக்கும் பையன் சும்மா இருப்பானா? “திருடுகிறான் என்று தெரிந்தும் ஏன் அங்கேயே போகிறார்கள்? வீட்டிலேயே அரைத்துக்கொள்ளலாமே?” என்பான்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் இடைக்காலத்தின் நடுக்கூடத்துக்கே போய்விடலாம். பண்ணையடிமைகள் தங்கள் தானியத்தைப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும்; அரைத்ததற்குக் கூலியாக அதிலேயே ஒரு பங்கு போய்விடும். வீட்டில் திருகை வைத்திருப்பது பல இடங்களில் குற்றம். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் தலைவர் ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட் 1330களில் ஊராரின் திருகைகளைப் பறித்து, அந்தக் கற்களைத் தம் கூடத்துக்குத் தரையாகப் பாவினார். (வானியல் கடிகாரம் ஒன்றை வடிவமைத்த பெரிய அறிஞர் இவர். அறிவும் ஈரமும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை.) பறிகொடுத்த தலைமுறை போனது, கோபம் போகவில்லை. 1381இல் விவசாயிகள் கிளர்ச்சியின்போது ஊரார் மடத்துக்குள் புகுந்து அந்தக் கற்களைப் பெயர்த்து, உடைத்து, துண்டுகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

கோட்டை, வீரன், குதிரை என்று போகும் கதைகளில் இப்படிப்பட்ட கேள்வி எழவே எழாது. அவற்றில் யாரும் யாருக்கும் எதுவும் கட்டுவதில்லை. விருந்துக்கு இறைச்சி எங்கிருந்தோ வந்துவிடுகிறது. சிறுவர் கதையை நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்: அதில் யாராவது யாருக்காவது எதையாவது கொடுத்துத் தீர்க்க வேண்டியிருக்கிறதா? இதே நூலில் பண்ணையடிமையின் மகள் மோக் வருகிறாள். குடியானவன் செத்தால் அவன் கால்நடைகளில் சிறந்ததைப் பிரபு ஓட்டிக்கொண்டு போவார். அடுத்ததைத் தேவாலயம் கேட்பதும் உண்டு. அப்பன் செத்த வீட்டில் பசுவைக் காப்பாற்ற என்ன வழி என்பதுதான் அவள் பேச்சு. பண்ணை முறையைப் பற்றிப் பத்துப் பக்கம் படித்தவருக்கும் இவ்வளவு நெருக்கமாக அது புரியாது.

உங்கள் கணவர் பக்கம் நியாயம் இருக்கும் இடம் வேறு. இடைக்காலச் சிறுவர் கதைகள் பலவற்றில் ஆடை, உணவு, கருவிகள் எல்லாம் சரியாக இருக்கும். மனம் மட்டும் நம் காலத்தது. பெற்றோர் பார்த்த மாப்பிள்ளையை மறுத்து, எழுத்துக் கற்க ஏங்கி, பாதிரியாரைச் சந்தேகிக்கும் பெண்பிள்ளை தவறாமல் வந்துவிடுவாள். அப்படி யாருமே இருந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் அப்படி இருந்திருக்க முடியாது. நரகம் என்பது அன்றைய குழந்தைக்குப் பக்கத்து ஊர் அளவுக்கு நிஜம். அந்த நம்பிக்கையைக் கிண்டல் தொனியில் வாசித்துவிடாதீர்கள். குரல் கேலி செய்தால் பையனும் செய்வான்.

இனி, நீங்கள் தள்ளிவிட்ட பக்கம். வட்டிக்குக் கடன் கொடுப்பவரின் மகன் ஜேக்கப்பும் வணிகரின் மகள் பெட்ரொனெல்லாவும் ஆற்றங்கரையில் கல் எறிந்து விளையாடுவதைத் தவிர அங்கே பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் கதை நடக்கும் ஆண்டைப் பாருங்கள். அதே 1255இல்தான் லிங்கன் நகரில் ஹியூ என்ற சிறுவன் கிணற்றில் பிணமாகக் கிடக்க, யூதர்கள் பலி கொடுத்துவிட்டார்கள் என்று பழி கிளம்பியது. கோபின் என்ற யூதரைக் கொன்றார்கள். மேலும் 18 யூதர்கள் லண்டனில் தூக்கிலிடப்பட்டார்கள். 1290இல் மன்னர் முதலாம் எட்வர்ட் நாட்டிலிருந்தே யூதர்களை வெளியேற்றினார். லிங்கன் தேவாலயம் இந்தப் பழி பொய்யென்று 1955இல் பலகை வைத்து வருத்தம் தெரிவித்தது.

தூக்கிலிட்டதையெல்லாம் ஒன்பது வயதில் சொல்ல வேண்டாம். ஆனால் அந்தப் பகுதியை விடாதீர்கள். அது இரண்டு குரல்களுக்கு எழுதப்பட்டது. ஜேக்கப்பின் வரிகளை அவனிடம் கொடுங்கள், பெட்ரொனெல்லா நீங்கள். இருவரும் ஏன் பயந்து பயந்து பேசுகிறார்கள் என்று அவனாகக் கேட்டால், யூதர்களின் நிலை பற்றி ஷ்லிட்ஸ் அந்த நூலிலேயே எழுதியிருக்கும் குறிப்பை நீங்கள் முதலில் படித்துக்கொண்டு, மறுநாள் பகலில் சொல்லுங்கள். தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம்.