மட்டக்களப்பு ரயிலில் தண்டம்: மறுக்க முடியுமா?

மூன்றாம் வகுப்பு டிக்கெட்டோடு இரண்டாம் வகுப்புப் பெட்டியில் இருந்ததற்குத் தண்டம் எழுதியிருக்கிறார்கள் என்கிறீர்கள். பிழை யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெட்டி மாறி ஏறியிருந்தால் மனு எழுதுவது வீண் வேலை. கவுண்டரில் இரண்டாம் வகுப்பு கேட்டு, காசும் கொடுத்து, மூன்றாம் வகுப்பு வந்திருந்தால் வாதம் நிற்கும்.

தண்டத்துக்குப் பற்றுச்சீட்டு கட்டாயம் வாங்குங்கள். அது இல்லாமல் மேன்முறையீட்டுக்குப் பிடிமானமே இல்லை. கொழும்பு கோட்டை நிலையத்தில் இறங்கும்போது வாசலில் டிக்கெட்டை வாங்கிவிடுவார்கள், ஆதாரம் அதோடு போச்சு. கொடுக்கமுன் வகுப்பு, திகதி, விலை, இலக்கம் தெளிவாகத் தெரிய இரண்டு பக்கமும் படமெடுங்கள்.

பிறகு புகையிரதப் பொது முகாமையாளருக்குப் பதிவுத் தபாலில் கடிதம், பிரதிகளோடு. மூலப் பற்றுச்சீட்டை அனுப்பவேண்டாம். தமிழிலேயே எழுதலாம், தமிழில் பதில் பெறுவதும் உங்கள் உரிமை.