தாத்தாவின் தஞ்சாவூர் ஓவியத்தின் பின்னால் வேறொரு குடும்பத்தின் பெயர்

பின்பக்கப் பழுப்புத் தாளுக்கடியில் வேற்றுக் குடும்பப் பெயர் தெரிகிறது, அம்மா பேச மறுக்கிறார், தாளைக் கிழிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து கிழிக்காதீர்கள், தண்ணீர் தொட்டும் உரிக்காதீர்கள். பலகைமேல் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணப்பொடியும் பசையும் பூசி எழுப்பிய படம் அது. ஈரம் ஏறினால் பசை இளகி, தங்க ரேக்கோடு பூச்சும் உரிந்துவிடும்.

முதலில் இருக்கும் நிலையிலேயே படமெடுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் அழுத்தி எழுதிய எழுத்து நிழலாகத் தெரியும். பிறகு சட்டத்தின் நான்கு ஓரமும் மட்டும் துணிச்சுருளில் தாங்கும்படி கவிழ்த்து, ஓரத்தில் 1 செ.மீ. விட்டுப் புது பிளேடால் தாளை அறுங்கள். தாள் பலகையோடு ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்தி, அருங்காட்சியகப் பாதுகாப்பாளரிடம் காட்டுங்கள். எடுத்த தாளைப் பத்திரப்படுத்துங்கள். படத்துக்குச் சட்டம் போட்ட கடையின் சீட்டு ஒட்டியிருந்து, அதில் 6 இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது.

வேற்றுப் பெயர் என்றாலே திருட்டு என்று முடிவு கட்டாதீர்கள். அடகு மீளாமல் போனதாக இருக்கலாம், திருமணச் சீராக வந்திருக்கலாம், மறைக்கப்பட்ட முதல் திருமணமாகவும் இருக்கலாம். அம்மாவிடம் "யாருடையது?" என்பதைவிட "முதலில் எந்த வீட்டில் மாட்டியிருந்தது?" என்று தனியாகக் கேளுங்கள். பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலில் அசையும் சொத்துப் பட்டியலையும் பாருங்கள்.

கோயில் அல்லது மடத்தின் பெயரானால், வழக்கறிஞரைப் பார்க்கும்வரை விற்பனைப் பேச்சே வேண்டாம். 100 ஆண்டு கடந்த ஓவியத்தை 1972 தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது.