நெல்லைக் கடிச்சுப் பாத்த அப்பா

அன்புள்ள அண்ணா,
பர்மாவுல, மோல்மீன்ல ஜெனரேட்டர் மெக்கானிக்கா இருக்கேன், வயசு 27. சிங்கப்பூர்ல வேலை கிடைச்சிருக்கு. எல்லாரும் போன்னு சொல்றாங்க, ஆனா உள்ள ஏதோ ஒண்ணு வேணாம் வேணாம்னு சொல்லுது. கோயில்ல பூக்கட்டிப் பாத்தேன், அதுவும் வேணாம்னுதான் வந்துச்சு. சத்தத்த வச்சே இஞ்சின் கோளாற சொல்லிருவேன், என் மனசு தப்பா சொன்னதில்ல. அம்மா வேற தனியாயிருவாங்க. மனசு சொல்றத நம்பலாமா?

தம்பி,
ரெண்டு நாளா அப்பா நினைப்பாவே இருந்தேன், அப்பதான் உன் லெட்டர் வந்துச்சு. பூக்கட்டிப் பாக்கறது உனக்கும் சாமிக்கும் உள்ளது, அத விடு.

அப்பாவுக்கு ரைஸ்மில்லுல நெல்லு பாத்து எடுக்கற வேலை. மூட்டைக்குள்ள கைய விட்டு நாலு மணிய எடுத்து பல்லுல வச்சு கடிப்பாரு, டக்குன்னு முறிஞ்சா காஞ்சது, நசுங்குனா ஈரம். எப்படிப்பா தெரியுதுன்னு கேட்டா "மனசுல படும்டா"ம்பாரு. அது சும்மா பட்டதில்ல. மறுநாளே அரைச்சா குருணையப் பாத்து தப்பு தெரிஞ்சுரும், திட்டு விழும். அப்படி எத்தனை வருசம் திட்டு வாங்குன மனசு அது!

அதே மனுசன்தான், 1985ல 20, 50, 100 கியாட் நோட்டு செல்லாம போனப்புறமும், அம்மா தங்கமா மாத்திருங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டும், "இனிமே பண்ண மாட்டாங்க, என் மனசு சொல்லுது"ன்னு புது 75 கியாட் நோட்டா தகரப்பெட்டில அடுக்குனாரு. 1987 செப்டம்பர் 5. 25, 35, 75 மூணும் செல்லாது, மாத்திக்கவும் வழியில்லன்னுட்டாங்க. நோட்டு விசயத்துல அவரு மனசு எங்க போயி பாடம் படிச்சுச்சு? கானெமன், க்ளைன்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளருங்க, உள்ளுணர்வ நம்பலாமாங்கறதுல எதிரெதிர் கட்சி, 2009ல சேந்து ஒரு கட்டுரை எழுதி இதத்தான் ஒத்துக்கிட்டாங்க: ஒழுங்கு இருக்கற வேலையில, பண்ணுன தப்பு உடனே தெரியற எடத்துல, நெறய நாள் பழகுனவன் உள்ளுணர்வ நம்பலாம்னு.

இஞ்சின் சத்தத்துல உன் காத நம்பு, நானும் நம்புறேன். ஆனா நீ எத்தனை தடவ ஊர விட்டுப் போயிருக்க? உன் மனசுக்கு சிங்கப்பூரப் பத்தி என்னடா தெரியும்? கோவத்துலதான் கேக்கறேன். அம்மா தனியாயிருவாங்கன்னு ஒரே வரில எழுதிட்டுத் தாண்டிப் போயிட்ட பாரு, அதுதான்டா உன்ன உள்ள போட்டுப் பெசையுது, அதுக்கு உள்ளுணர்வுன்னு பேரு வைக்காத. அம்மாகிட்ட உக்காந்து பேசுனியா? லீவு எத்தனை நாள் தருவாங்கன்னு அந்தக் கம்பெனில கேட்டியா? கேளு, கேட்டுட்டு எழுது.

அன்னைக்கி அப்பா தகரப்பெட்டிய தொறந்து வச்சுக்கிட்டு தரையிலயே உக்காந்திருந்தாரு, சாப்பிடல. பொழுது சாயறப்ப மில்லுல இருந்து ஆள் வந்து ஒரு கை நெல்ல நீட்டுனான். ஒரு மணி எடுத்துக் கடிச்சாரு. "இன்னும் ரெண்டு வெயில் காயணும்"னாரு.