இரும்பு வருமுன் கல் கோடரியை வழவழப்பாக்கியது எப்படி?

அரிக்கமேட்டுக் கல்மணிகளைப் பார்த்த கடலூர் மாணவர் ஒருவர், அதற்கும் முந்தைய புதிய கற்காலக் கோடரிகளை எப்படித் தீட்டினார்கள் என்று கேட்டிருக்கிறார்.

டோலரைட் மாதிரி கெட்டியான கல்லைத் தட்டி, சில்லு பெயர்த்து உருவம் எடுப்பார்கள். அப்புறம் மேடுகளைக் கொத்தி உதிர்ப்பார்கள். அம்மி கொத்துவதைப் பார்த்தவர்களுக்குச் சட்டெனப் புரியும்.

நீண்ட வேலை அடுத்ததுதான். சொரசொரப்பான பாறையில் தண்ணீர் ஊற்றி, மணல் தூவி, முன்னும் பின்னுமாகத் தேய்ப்பது. கல்லை உண்மையில் அராவுவது மணலில் உள்ள குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம். தண்ணீர் தேய்ந்து உதிரும் கல்தூளைக் கழுவிவிடும்; இல்லாவிட்டால் மணல் பிடிக்காது. தேய்த்துத் தேய்த்து அந்தப் பாறையிலேயே நீளப் பள்ளம் விழும். எவ்வளவு பொறுமை பாருங்கள்!

பல கோடரிகளில் வெட்டு முனைதான் நன்றாக மின்னும். பிடி கட்டும் பக்கத்தைச் சொரசொரப்பாகவே விட்டால் கட்டு வழுக்காது. தீட்டிய விளிம்பு மரத்தில் படும்போது சுலபத்தில் தெறிக்காது. இத்தகைய கோடரிகள் திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளி அகழாய்வில் கிடைத்திருக்கின்றன.