புல்லைப் பெயர்ப்பதற்கு முன்

கேள்வி: ஓய்வு பெற்ற என் அப்பாவுக்காக வீட்டுக்குப் பின்புறம் செயற்கைப் புல்லில் கோல்ஃப் புட்டிங் கிரீன் (பந்தைக் குழிக்குள் உருட்டிப் பழகும் தளம்) போட்டோம். வேலை முடிந்து பதினான்கு மாதம் ஆகிறது. முதல் மழையிலேயே குழியைச் சுற்றித் தண்ணீர் தேங்கியது. இப்போது தரை அங்கங்கே அமுங்கி, பந்து நேராக உருள்வதே இல்லை. கான்ட்ராக்டரைக் கூப்பிட்டால் "அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியாகப் பேசியபோது மரியாதையில்லாமல் பேசிவிட்டார். நான் நிறுத்தி வைத்திருக்கும் கால் பங்குப் பணத்துக்கு வழக்குப் போடுவாராம். அப்பா மனமுடைந்து போயிருக்கிறார். வேறு ஆளை வைத்து எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட்டு, அந்தச் செலவையும் மன உளைச்சலுக்கு இழப்பீட்டையும் இவரிடம் கேட்கலாமா?

பதில்: பெயர்க்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அப்பாவின் வருத்தம் நியாயமானது. கான்ட்ராக்டர் பேசியதும் தப்புதான். ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் இவை இரண்டும் புகாரின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரிக்கு மேல் போகாது. வேலையில் குறை இருந்தது என்று நிரூபித்தால்தான் மன உளைச்சல் பேச்சே வரும்.

உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே கேள்வியில்: புல்லுக்கு அடியில் என்ன போடுவதாகச் சொன்னார், என்ன போட்டிருக்கிறார்? தண்ணீர் தேங்குவதும் தரை அமுங்குவதும் பெரும்பாலும் தளத்தின் கோளாறு. மண்ணை வெட்டி இறுக்கி, சில அங்குலத்துக்கு ஜல்லியை அடுக்கடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் அழுத்தி, மேலே கிரஷர் பொடி பரப்பி, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்திருக்க வேண்டும். கொட்டேஷனை எடுத்துப் பாருங்கள். ஜல்லியின் கனம் எழுதியிருந்தால் உங்கள் கை ஓங்கிவிட்டது. 'தளம் தயார் செய்தல்' என்று மட்டும் இருந்தாலும், அந்தத் தொழிலுக்கு உரிய தரத்தில் செய்யாதது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடுதான். புல் கம்பெனியின் வாரண்டியை நம்பி இருக்காதீர்கள். அது பெரும்பாலும் நிறம் மங்குவதற்கும் நார் உதிர்வதற்கும்தான், தளத்துக்கு அல்ல.

இப்போது ஆபத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி வழக்குகளில் கட்சிக்காரர்கள் தோற்பது பெரும்பாலும் சாட்சியத்தைத் தாங்களே அழித்துவிடுவதால்தான். வீட்டு வேலை தொடர்பான ஒரு வழக்கில் என் கட்சிக்காரர் பழையதை உடைத்துக் குப்பையில் போட்டு, புதிதாகச் செய்து முடித்து, இரண்டாவது கான்ட்ராக்டரின் பில்லோடு வந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: "குறை இருந்தது என்றால் உடைப்பதற்கு முன் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினீர்களா?" பதில் இல்லை. பில் செலவு செய்ததைத்தான் காட்டியது, குறை இருந்ததை அல்ல. புதிதாகச் செய்தவர் "பழைய வேலை மோசம்" என்று சாட்சி சொல்லலாம். ஆனால் அந்த வேலையால் பணம் பார்த்தவரின் வார்த்தைக்கு எவ்வளவு மதிப்பு கிடைக்கும்?

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கோல்ஃப் குழி 108 மில்லிமீட்டர் விட்டம், குறைந்தது நான்கு அங்குல ஆழம். உள்ளே இருக்கும் கப் கையோடு கழன்று வந்தால், புல்லில் கத்தி வைக்காமலே குழியின் பக்கச் சுவரில் அடுக்குகளைப் பார்க்கலாம். ஜல்லியா, வெறும் மண்ணா என்று தெரிந்துவிடும். ஸ்கேல் ஒன்றை உள்ளே நிறுத்தி, நம்பர் தெரியும்படி போட்டோ எடுங்கள். கப் கான்கிரீட்டில் பதித்திருந்தால் தொடாதீர்கள். ஹோஸில் தண்ணீர் விட்டு அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று வெட்டாத வீடியோவும் எடுங்கள். அந்த போனை மாற்றிவிடாதீர்கள். 2023ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி, போட்டோவையும் வீடியோவையும் சாட்சியமாக ஏற்கச் சான்றிதழ் கொடுக்க அது தேவைப்படும். வேலை முடிந்த அன்று வாட்ஸ்அப்பில் "சூப்பர்" என்று அனுப்பியிருந்தால் அதையும் அழிக்க வேண்டாம், அவரிடமும் அது இருக்கும். அடித்தளக் குறை மழை பெய்தால்தான் வெளியே தெரியும் என்று பதில் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த ஆபத்து அந்த "அடுத்த வாரம்". நுகர்வோர் புகாருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆவது பிரிவின்படி உங்களுக்கு இருப்பது இரண்டு வருடம். செய்த வேலைக்குக் கூலி கேட்டு வழக்குப் போட அவருக்குக் காலவரையறைச் சட்டம் தருவது மூன்று வருடம். புரிகிறதா? போனில் சமாதானம் சொல்லியே உங்கள் இரண்டு வருடத்தைக் கரைத்துவிட்டு, மூன்றாம் வருடம் பாக்கிக்கு அவர் வழக்குப் போடலாம். அவர் வாய்மொழியாகக் கொடுக்கும் வாக்குறுதியால் உங்கள் கெடு நீளாது. தாமதத்தை மன்னிக்க மனு போடலாம், கிடைக்கும் என்று உறுதியில்லை. முதல் மழையில் குறை தெரிந்த நாளிலிருந்து எண்ணினாலும், பாதுகாப்புக்கு வேலை முடிந்த தேதியையே கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று. அந்த கிரீனில் யாருக்காவது கட்டணம் வாங்கிப் பயிற்சி கொடுத்திருந்தால் என்னைப் போன்ற ஒரு வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 'வணிக நோக்கம்' என்று சொல்லி, நீங்கள் நுகர்வோரே அல்ல என்று வாதாடுவார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் யோசனை: சமரசம் செய்துகொள்ளுங்கள். தோட்டத்து வேலைக்கு நிபுணர் அறிக்கை, அட்வகேட் கமிஷனர் (இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர நியமிக்கப்படும் வக்கீல்), வாய்தா என்று இழுத்தடிக்கும்போது அப்பா விளையாட முடியாது. உங்கள் கையில் இருக்கும் கால் பங்குப் பணம்தான் உங்கள் பலம். கோபத்தில் "ஒரு பைசா தரமாட்டேன்" என்று எழுதிவிடாதீர்கள். தளத்தைச் சரிசெய்தால் தரத் தயார் என்று வக்கீல் நோட்டீஸில் தேதியோடு சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் ஜல்லியின் கனம், வாட்டம், முடிக்கும் நாள் எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். புல்லைத் தூக்கும்போது நீங்கள் உடனிருந்து படம் எடுங்கள். தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். 'முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளை ஆட்கள் வந்த அன்றே நீட்டுவார்கள். ஒரு மழைக்காலம் போகும் வரை அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நோட்டீஸில் கொடுத்த தேதி தாண்டியும் ஆள் வரவில்லை என்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகாரைத் தாக்கல் செய்யலாம். தளத்தை நேரில் பார்வையிட அட்வகேட் கமிஷனரை நியமிக்கக் கோரும் மனுவையும் அதே நாளில் சேர்த்துப் போடுங்கள். அந்த அறிக்கை கைக்கு வந்த பிறகு, ஆணையத்துக்குத் தெரிவித்துவிட்டு வேறு ஆளை வைத்துப் பெயர்க்கலாம்.